உம்முவின் கணக்கில் ஓடிய காசு

சாய்ந்தமருது
ஒக்டோபர், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் றிபாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலிலும் உன் உடம்பும் மனசும் குளிர்ந்திருக்க வேண்டும் என்று துஆச் செய்தபடியே இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் வாப்பாவும் நிஹ்லாவும் சுகம், வாப்பாவின் முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்காதே. போனில் சொல்லலாமே உம்மா என்று நினைப்பாய். போனில் நான் கதைத்தால் வாப்பா பக்கத்தில் இருந்து இருமுவார், அவர் இருமினால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். முகம்மது தம்பியின் மூத்த மகன் லீவு முடிந்து அங்கே வருகிறார், அவர் கையில் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை முதலில் வெயிலில் போட்டுவிட்டு ஆறுதலாக இருந்து வாசி.

தங்கச்சி நிஹ்லாவின் வீடு இன்னும் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடுதான் நிற்கிறது. மாரி தொடங்குவதற்குள் கூரை போட ஏலாது என்று மேசன் சொல்லிவிட்டார். வீடு முடியாமல் அவளுக்கு மாப்பிள்ளை பேச முடியாது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் இந்த வழக்கத்தை எதிர்த்து ஒலுவில் கம்பஸில் படித்த காலத்தில் நான் பேசிய பேச்சுக்குக் கைதட்டல் எல்லாம் கிடைத்தது. இப்போது அதே நான் கூரைத் தகட்டின் விலையை மனப்பாடமாகச் சொல்கிறேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நம் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் உம்முவை உனக்குத் தெரியும், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள். போன வருஷ நோன்பில் மீன் ஏற்றுமதிக் கம்பனி வைத்திருக்கும் சீனிமுகம்மது ஹாஜியார், இனி ஸகாத்தைக் கையில் தரமாட்டேன், வங்கிக் கணக்கில் போடுவேன், அதுதான் ஒழுங்கு என்று அறிவித்தார். ஏழைப் பெண்கள் வெயிலில் வரிசையில் நின்று மிதிபடும் கேவலம் ஒழிந்ததே என்று ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன். இருபதுக்கு மேற்பட்ட பெண்களை வேனில் ஏற்றிக் கல்முனையில் கண்ணாடி போட்ட அந்த வங்கிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நீ அனுப்பிய காசை எடுக்க நானும் அங்கே நின்றேன். முகாமையாளர் ஸஹீத் நம் ஊர்ப் பிள்ளைதான், ஆனாலும் மகன்ட தொழில் கடிதம் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே, இது என்ன வருமானம் டீச்சர், மேலிடத்தில கேப்பாங்க என்று என்னை மூன்று தடவை வீட்டுக்கும் வங்கிக்கும் அலைய வைத்தார். கட்டிட வேலை பார்க்கும் என் மகன் என்ன கடத்தல் செய்தான் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. ஹாஜியார் கூட்டிவந்த பெண்களிடம் ஒரு கேள்வியும் இல்லை. குளிர் அறையில் கதிரை போட்டுக் கொடுத்திருந்தார்கள், நோன்பு இல்லையென்றால் சர்பத்தும் வந்திருக்கும். எங்கே கையெழுத்துப் போடுவது என்று ஸஹீதே குனிந்து நின்று விரலால் காட்டினார். உம்மு பிஸ்மி சொல்லிப் போட்டாள்.

கணக்குகளில் காசு எடுக்கும் கார்டுகளை ஒரு ரப்பர் பட்டி போட்டுக் கட்டி ஹாஜியாரின் ஆளிடம் ஸஹீத் தன் கையாலேயே நீட்டியதை நான் கண்ணால் கண்டேன். ஒருத்தி மட்டும், காட் எங்களுக்கு இல்லையா சேர் என்று கேட்டாள். அது ஹாஜியார்ட கையில இரிக்கட்டும், நீங்க துலைச்சிப் போடுவீங்க என்று அவர் சிரித்தார். மற்றப் பெண்கள் கேட்டவளைத்தான் முறைத்தார்கள். வாயப் பொத்துகா, தாற மனிசனுக்கு மனம் நோகும் என்று உம்மு அவளைக் கிள்ளிச் சொன்னதும் எனக்குக் கேட்டது. நம் ஆட்களின் புத்தி அதுதான். மீன்காரனிடம் ஒரு ரூபாவுக்கு அரை மணித்தியாலம் வாதாடுவார்கள், ஸகாத் நீட்டுகிற கையைப் பார்த்து ஏன் என்று கேட்பது மட்டும் மரியாதைக் கேடு.

பெருநாளைக்கு உம்முவுக்குக் கிடைத்தது ஒரு மூட்டை அரிசிக்குக் காணும். அதற்குப் பிறகு அவள் பெயரிலிருந்த கணக்கில் கோடிக்கணக்கில் காசு வந்து, வந்த அன்றே வெளியே போயிருக்கிறது. போதைப்பொருள் விற்ற காசாம். பணம் தூயதாக்கல் என்று நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற பாடத்தில் இரண்டு பந்தி வரும். ஸகாத்தும் செல்வத்தைத் தூய்மையாக்கத்தான் கொடுப்பது. எந்தத் தண்ணீரில் கழுவினால் ஊர் வாய் திறக்காது என்று ஹாஜியாருக்குத் தெரிந்திருக்கிறது. இடியப்பக்காரியின் கணக்கில் கோடி ஓடினால், என் மகனின் சம்பளச் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லையாம்.

கடைசியில் யார் பிடிபட்டார்கள் என்று நினைக்கிறாய்? உம்முவும் இன்னும் இரண்டு பெண்களும். உம்மு இரண்டு கிழமை விளக்கமறியலில் கிடந்து பிணையில் வந்திருக்கிறாள். அவள் பெயரிலுள்ள எல்லாக் கணக்கையும் முடக்கியதில் அரசாங்கம் ஏழைகளுக்குத் தரும் அஸ்வெசும காசும் நின்றுவிட்டது. விசாரித்தவர்கள் தொகையை வாசித்துக் காட்டியபோது அவள், அவ்வளவு காசு எனக்கிட்ட கிடந்திருந்தா நான் என்னத்துக்கு வாப்பா விடியச் சாமத்தில எழும்பி மாப் பிழியிறன் என்று கேட்டாளாம், அவர்களுக்கே சிரிப்பு வந்ததாம். சிரித்துவிட்டு அடைத்தார்கள். ஹாஜியார் உம்றாவுக்கென்று மக்காவுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. இவ்வளவு நீளமான உம்றாவை நான் கேள்விப்பட்டதில்லை. வங்கி ஒரு தண்டம் கட்டியது, உள்ளக நடைமுறைகளில் சில குறைபாடுகள் காணப்பட்டன என்று பத்திரிகையில் அறிக்கை விட்டது. ஒரு மனிதனின் பெயர் அதில் இல்லை. குறைபாடுகள் தாமே நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்து கார்டு விநியோகித்துவிட்டுப் போயிருக்கின்றன போலும். அந்த மாதமே ஸஹீதைப் பிராந்திய முகாமையாளராக்கிக் கண்டிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் கொப்பி அடித்த பிள்ளையைக்கூட நான் இரண்டு நாள் வெளியில் நிறுத்துவேன், மகன்.

உம்முவுக்காகப் பேசும் சட்டத்தரணி கனகரெத்தினம் வீட்டுக்கு வந்தார். கார்டுகள் கைமாறியதைக் கண்ட வேறு ஆட்கள் எல்லோருக்கும் திடீரென்று மறதி வந்துவிட்டது, நீங்க கண்டத மட்டும் வந்து சொன்னாக் காணும் டீச்சர், இல்லாட்டி இந்தப் பொம்பிள உள்ளுக்குத்தான் என்றார். நான் ஓம் என்றேன். அந்தச் செய்தி எப்படிக் கண்டிக்குப் போனதோ, அடுத்த கிழமை ஸஹீதின் மனைவி ஸகியா ஒரு பீங்கான் தட்டு நிறைய வட்டிலப்பத்தோடு வந்து இறங்கினாள். அவள் மகள் பஸ்மினாவை உனக்குத் தரப்போகிறார்களாம். மாளிகைக்காட்டில் மாடி வீடு, மேலே கையிலும் ஒரு தொகை, அந்தத் தொகை நிஹ்லாவின் கூரைக்குக் கச்சிதமாகக் காணும். எங்கள் சுவர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கோடு, வழக்கு பற்றி முதலில் ஒரு சொல்லும் இல்லை. எழும்பும்போது மட்டும், சம்பந்தம் முடிஞ்சா நாம ஒரு குடும்பம் ராத்தா, குடும்பத்துக்குள்ள மறுகா என்னத்துக்குக் கோடு கச்சேரி என்று என் கையைத் தடவினாள். வட்டிலப்பம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

பஸ்மினாவில் ஒரு குறையும் இல்லை, என்னிடம் படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. வாப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. உம்முவுக்கு அல்லாஹ் இரிக்கான், நம்மட புள்ளைக்கு ஆர் இரிக்கா என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது, அவர் சத்தமாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். நான் பேசாமல் இருந்தால் போதும், பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. இந்தக் காசு இப்படித்தான் ஓடியிருக்கிறது, யாரும் பெரிய பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தத்தமது கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். நிஹ்லா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் வந்து, லிண்டலோட நிண்டா என்ன உம்மா, மழ பேஞ்சா குடையப் பிடிச்சிட்டுக் கலியாணம் முடிக்கிறன், அந்தத் தகடு எனக்கு வேணா என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், பிறகு இருவரும் சிரித்தோம்.

ஸகியாவின் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா, வந்த பாத்திரத்தை வெறுமையாய் அனுப்புவது நம்மிடம் இல்லை. விடிய எழும்பி உம்முவிடம் சுடச்சுட இடியப்பம் வாங்கினேன், தட்டு நிறைய அடுக்கினேன், மூடி, இதைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று வாப்பாவிடம் நீட்டினேன். அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஊரில் அந்த இடியப்பத்தின் பின்னலைத் தெரியாதவர் யார். மூடினார், மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஸகியாவும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வெளங்குது காக்கா என்று மட்டும் வாப்பாவிடம் சொன்னாளாம்.

உன்னைக் கேட்காமல் உன் சம்பந்தத்தைத் திருப்பிவிட்டேன். கோபம் வந்தால் எழுது, பொறுத்துக்கொள்வேன். நான் சாட்சி சொன்னால் ஸஹீதின் கதிரை அசையும் என்று நம்பவில்லை. உம்மு தப்பினால் அதற்கு நீதி என்று பெயரில்லை, ஒரு அநியாயம் குறைந்தது என்று சொல்லலாம். அது போதும், நான் போவேன். வரும் புதன் வழக்குத் தவணை. நேற்று வாப்பா முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, கல்முனைக்கு ஓட்டோவில போகாத, நான் கொண்டுபோய் விடுறன் என்றார்.

ஸஹீத் உனக்குப் போன் எடுத்தால் மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டு வை. சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே, இரவில் நூடுல்ஸ் தின்று வயிற்றைக் கெடுக்காதே. உன் உழைப்பில் வரும் ஒவ்வொரு ரூபாவும் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லும் பாக்கியத்தை அல்லாஹ் உனக்குக் கடைசிவரை தரட்டும். இந்த மாதச் சம்பளச் சீட்டை மறக்காமல் அனுப்பு, புதிதாக வந்த முகாமையாளரும் அதைக் கேட்கிறார்.

புதன்கிழமைக்கு உன் துஆவைக் கேட்டபடி,
உம்மா