பழைய சிட்டி ஹால் ஸ்டேஷனில் உன் அப்பா

சர்ச் அவென்யூ, புரூக்ளின்
திங்கட்கிழமை

அன்பு மகன் எவர்ட்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். எப்போதும் இப்படித்தான் எழுதுவேன், நீயும் நம்பாமல்தான் படிப்பாய். இந்தத் தடவை நம்பு.

சிகாகோவில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். காதை மூடுகிற தொப்பி போட்டுக்கொள்கிறாயா? இங்கே பக்கத்து வீட்டு மார்சியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே அவள் மாமியார். அதை அவளிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தச் சின்ன வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அப்பா ஓட்டிய ரயிலுக்கு முன்னால் அந்த மனிதர் விழுந்த நாளிலிருந்து அவர் சுரங்க ரயில் படிகளில் கால் வைத்ததில்லை, உனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் போவதற்குக்கூட மூன்று பஸ் மாறுவார். அன்றைக்கு அதே ரயிலில் கார்டாக இருந்த நெவில் அங்கிள் போன வாரம் வந்தார். மூடிக் கிடக்கிற பழைய சிட்டி ஹால் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்க அவரிடம் சீட்டுகள் இருந்தன. "அங்க எந்த ரயிலும் நிக்காது கார்ல்டன். செத்துப்போன ஸ்டேஷன். அதுக்குமா பயப்படுவே?" என்றார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் அப்பா ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் போய், புரூக்ளின் பாலத்தை நடந்தே கடந்தோம். ரயில் ஏற வேண்டிய பக்கத்து ஸ்டேஷனின் படி வாசலில் அப்பா நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க காத்தாட நிக்கிறேன்" என்றார். காற்றா அது! முகத்தை அறுக்கிற குளிர். நெவில் அங்கிள், "நில்லுடா, நல்லா நில்லு. புறாவுங்க உன்னைச் சிலைன்னு நெனச்சு என்ன பண்ணும்னு சொல்லட்டுமா?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ரயிலிலேயே ஏற்றி, கடைசி ஸ்டாப்பைத் தாண்டி அது திரும்பிப் போகிற வளைவில் இருக்கும் பழைய ஸ்டேஷனில் நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்கள். எவர்ட்டன், அந்த இடம் மாதாகோவில் மாதிரி இருக்கிறது. மேலே வளைவு வளைவாகப் பச்சையும் வெள்ளையும் ஓடுகள், நடுவில் கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சம். இத்தனை வருஷம் அதைத் தாண்டித் தாண்டி ஓட்டியவர், முதல்தடவை பார்க்கிறவர் போல அண்ணாந்து பார்த்தார். "ஓட்டுறவனுக்கு தண்டவாளம் மட்டும்தான் தெரியும் அயோனி" என்றார்.

கூட்டிப் போன பெண், ஓரத்துக்குப் போகாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொன்னாள். ஆனாலும் ஒரு ஆள் கூரையை முழுசாகப் படம் பிடிக்க வேண்டும் என்று போனை உயர்த்திக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தான். அதே நேரம் வளைவில் அடுத்த ரயிலின் சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தது. அப்பா இருந்த இடத்தில் இல்லை. "யோவ்! பின்னால பாருய்யா!" என்று குரல் மட்டும் சுவரெல்லாம் மோதியது. அவன் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சுவரோரம் போய் விழுந்தார்கள்.

ரயில் மெதுவாக நெருங்கி வந்து நின்றது. ஓட்டியது ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பா எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை, போ என்று அவளுக்குக் கை காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். ரயில் நகர்ந்தது.

அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா அவனைத் திட்டக்கூட இல்லை. படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நானும் நெவில் அங்கிளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். தலையை நிமிர்த்தி, "ரயில் ஓட்டுன அந்தப் பொண்ணு இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கும்" என்றார். நெவில் அங்கிள் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் கிண்டல் செய்ய அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அப்பா, "எதுக்கு? ரெண்டாம் நம்பர் ரயில் நேரா வீட்டுக்கே போகுமே" என்றார். சர்ச் அவென்யூ வரை ரயிலில் வந்தோம். ஓட்டுகிறவன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று வழியெல்லாம் குறை. அந்தக் குறையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கு ஆனந்தமாக இருந்தது. இறங்கியதும் கறி அடைத்த 'பேட்டி' ரொட்டி வாங்கி நடுத்தெருவிலேயே நின்று சாப்பிட்டோம்.

நீ சிகாகோவில் ரயில் ஓட்டப் போகிறேன் என்றபோது அவர், "இந்த வீட்ல ஒருத்தன் பட்டது போதும்" என்று சொல்லிவிட்டு உன்னோடு பேச்சையே நிறுத்தினாரே, அது உன்மேல் கோபம் இல்லை மகனே. நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்க பிளாட்பாரமெல்லாம் வெட்டவெளியில இருக்காமே. பனியில வழுக்காதா? அவனுக்கு எந்த ஷிப்டு?" எனக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்றேன். எழுந்து போகவில்லை. இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

வருகிற ஞாயிறு சர்ச் முடிந்ததும் வீட்டில்தான் இருப்போம். நீ கூப்பிடு. என் கை முழுக்க மாவாக இருக்கும், நான் எடுக்க மாட்டேன். மணி எத்தனை தடவை அடித்தாலும் நீ வைத்துவிடாதே. எடுத்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் இருந்தால், பனியில் பிரேக் எப்படிப் பிடிப்பது என்று கேள்.

நீ போகிற பாதையில் முன்னால் யாரும் இல்லாமல் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
அயோனி