கிழக்கோழியின் வெள்ளைக்கரு

மோக்கா
ஜூன் 25

அன்பு மகள் யூதெல்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் அத்தையும் கடவுள் புண்ணியத்தில் நலம். மாட்ரிட்டில் நீயும் உன் வயிற்றிலிருக்கும் குட்டியும் அதே நலத்தோடு இருக்க வேண்டும், எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை. நேற்று போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை, அதனால்தான் அங்கே வர நாளை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு மெர்சிடிடாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சான் ஹுவான் திருநாளுக்கு முந்தின இரவு அத்தை வழக்கம்போல் வருஷப் பலன் பார்க்க உன் பேரைச் சொல்லித் தண்ணீர் டம்ளரில் வெள்ளைக்கருவை விட்டு முற்றத்தில் வைத்தாள். காலையில் அது எழும்பாமல் அடியில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. "ஐயோ, சவப்பெட்டி மாதிரி கெடக்கே" என்று அலறியவள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் உனக்குப் போன் செய்துவிட்டாள். இப்போது நீ வியாழக்கிழமை ஸ்கேனுக்கே போகமாட்டேன் என்கிறாய்.

அந்த முட்டை எங்கிருந்து வந்தது தெரியுமா? வயதாகிவிட்டதென்று பண்ணையில் கழித்துவிட்ட சிவப்புக் கோழிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அதுகள் இட்டது. தகரக் கூரைக்கடியில் கூடையில் எத்தனை நாள் வெந்ததோ. பண்ணையில் என் வேலையே முட்டையைக் கண்ணாடித் தட்டில் உடைத்து, வெள்ளைக்கரு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பதுதான். இளங்கோழி முட்டையில் அது மஞ்சள்கருவைக் கட்டிக்கொண்டு மேடாக நிற்கும், கோழிக்கு வயதாக ஆக இளகிப் பரவும், கோழி இனத்துக்கு இனமும் மாறும். கூண்டுக் கோழியா திறந்து மேயும் கோழியா எது மேல் என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒருமுறை இது, ஒருமுறை அது. ஆனால் வெக்கையில் கிடந்தால் எந்த முட்டையும் நீர்த்துப்போகும். இதை அத்தையிடம் சொன்னதற்கு, "நீ சம்பளத்துக்குப் பாக்குறே, நான் சாமிக்குப் பாக்குறேன், ரெண்டும் ஒண்ணாடி?" என்றாள். அன்று இட்ட இளங்கோழி முட்டை ஒன்றைப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து அவள் முன்னாலேயே வேறு டம்ளரில் விட்டேன். கோபுரம் கோபுரமாக எழும்பி நின்றது. "ஆமா, உனக்கு வேணுங்கிற சேதி சொல்ற கோழியாப் பாத்துப் புடிச்சிட்டே" என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தான் சொன்னது அவளுக்கே உறைத்துவிட்டது. இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புள்ளயப் பயங்காட்டிட்டேனாடி" என்று கேட்டாள். அவள்மேல் கோபப்படாதே, உன்மேல் உயிரை வைத்திருப்பவள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது முட்டையை உடைக்கும்போது, என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்த நானே சிலுவை போட்டுக்கொண்டேன். அதனால் பயப்படாதே என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. பயத்தோடேயே போ. டம்ளரில் தெரிந்தது ஒரு கோழியின் வயது, அவ்வளவுதான். உன் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு அங்கே, உனக்குள் இருக்கிறது, அதை டாக்டர் கேட்கட்டும், நீயும் கேள்.

வேளைக்குச் சாப்பிடு, முட்டையை நன்றாக வேகவைத்தே சாப்பிடு. வியாழன் காலை உள்ளே போகுமுன் போன் செய்து, "ஆசி கொடும்மா" என்று கேள். மறந்தாலும் பரவாயில்லை, கேட்காமலே கொடுப்பேன். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உங்கள் இருவரையும். இங்கே அப்போது விடிந்திருக்காது, ஆனால் நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
மிரேயா