என் புகாரின் மீது நானே தரும் புகார்

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
மூன்றாவது மேசை,
பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசை.
(மகளிர் மருத்துவமனை வெளிநோயாளி எண்: 4417)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் இயக்ககம்.

பொருள்: மகளிர் மருத்துவமனை – எண்டோமெட்ரியோசிஸ் சிகிச்சைப் பிரிவின் அறுவை மருத்துவர் – என் புகாரின் பேரில் இடமாற்றம் செய்யப்பட்டது – அப்புகாரில் ஒரு வாக்கியம் பொய் – புகாரைத் திரும்பப் பெறுவதும் இடமாற்றத்தை ரத்து செய்யக் கோருவதும் – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் மனு, நாள் செப்டம்பர் 9.
2. தங்கள் அலுவலக இடமாற்ற ஆணை, நாள் மார்ச் 10.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைப்பவள். தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பாதிக்குக் குறையாமல் என் மேசையிலிருந்து வந்திருக்கும். எந்தச் சொல்லைப் போட்டால் கோப்பு நகரும், எதைப் போட்டால் அது அலமாரியில் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. வீட்டில் காபி ஆறிப்போனாலும் இவள் மனுப் போடுவாள் என்று என் கணவர் கேலி செய்வதுண்டு. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தவறு இந்தத் தொழில் பழக்கத்தில் பிறந்தது என்பதால் முதலிலேயே தெரிவிக்கிறேன்.

2. என் வலி பதினான்கு வயதில் தொடங்கியது. மாதத்தில் மூன்று நாள் என்றிருந்தது ஐந்து நாளாகி, பத்து நாளாகி, கடைசியில் வலி இல்லாத நாள்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்றார் அம்மா. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள், ஆனது, சரியாகவில்லை. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அதற்குமேல் எது நடந்தால் சரியாகும் என்று சொல்ல அவர்களிடமும் சரக்கு தீர்ந்துவிட்டது. மடியில் வெந்நீர்ப் பையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் வீட்டுச் சுவர்த் தகராற்றையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

3. கடந்த செப்டம்பர் 9 அன்று மகளிர் மருத்துவமனையின் ஆறாம் எண் அறைக்குச் சென்றேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலுள்ள என் கணவர் விடுப்பு எடுத்திருந்தார். மகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தார். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி நாள் வாங்கிக்கொண்டு வருவது என்று வீட்டிலேயே முடிவாகியிருந்தது. வெளியே மரப்பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். காரணம், மேற்படி மருத்துவர் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முக்கால் மணி நேரம் பேசுவார். உள்ளே போனதும் ஒரு பெண்ணுடலின் கோட்டுப்படத்தையும் சிவப்புப் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, வலிக்கும் இடங்களைத் தீட்டச் சொன்னார். மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, கணவருடன் சேரும்போது வலிக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். இருபத்து நான்கு ஆண்டுகளில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கூச்சத்தில் என் கணவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4. பிறகு மருத்துவர் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயை விளக்கினார். கர்ப்பப்பையின் உட்புறம் இருக்க வேண்டிய படலம் போன்ற ஒன்று, அதற்கு வெளியே சூலகத்திலும் குடலின் மேலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் வீங்கிப் புண்ணாகிறது. எனக்கு அது கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டியிருப்பதாகச் சந்தேகப்பட்டார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு அதை அங்கேயே விட்டால் வலியும் அங்கேயே இருக்கக்கூடும் என்றார். ஒரு தாளில் எனக்குள்ள வழிகளை எழுதினார்: ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், சில மாதங்களுக்கு மட்டுமான ஊசி, சிறு துளைகள் வழியாக நோய்த் திசுவை வெட்டி எடுக்கும் அறுவை, அதோடு கர்ப்பப்பையையும் எடுப்பது. ஒவ்வொன்றின் நன்மைக்கு ஒரு வரி என்றால் தொல்லைக்கு இரண்டு வரி எழுதினார். மாத்திரை நோயை அடக்கும், அழிக்காது. ஊசி எலும்பைத் தேய்க்கும். அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பலாம். தன் சரக்கை இப்படிக் குறைசொல்லி விற்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் பிடிவாதமாக, எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சொன்னது இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "கர்ப்பப்பை உங்களுது. எடுக்கச் சொன்னா எடுப்பேன், வைக்கச் சொன்னா வைப்பேன். ஆனா வலி எங்க இருந்து வருதுன்னு பாக்காம கத்தியைத் தொட மாட்டேன்."

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை வலி குறைய ஹார்மோன் மாத்திரைக்கும் சீட்டுக் கொடுத்தார். அறுவைக்கு நாள் கொடுக்கவில்லை.

5. எனக்குத் தலைக்கு மேல் கோபம். வீட்டுக்குப் போகாமல் நேராக என் மேசைக்குப் போய் அரை மணி நேரத்தில் புகாரை எழுதினேன். இரண்டு மணி நேரம் காக்கவைத்தார் என்றேன், அது உண்மை. அறுவைக்கு நாள் தரவில்லை என்றேன், அதுவும் உண்மை. கடைசியில் இந்த வாக்கியத்தைச் சேர்த்தேன்: "மேற்படி மருத்துவர் நோயாளிகளிடம் தொடர்ந்து இவ்வாறே நடந்துகொள்வதாகப் பலரும் தெரிவிக்கின்றனர்."

ஐயா, யாரும் தெரிவிக்கவில்லை. அன்று அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைக்கூட நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இது நான் எழுதும் எல்லாப் புகார்களிலும் வரும் வாக்கியம். குடிநீர்க் குழாய் பற்றியும் எழுதியிருக்கிறேன், பக்கத்து வீட்டு நாய் பற்றியும் எழுதியிருக்கிறேன். தனியொருவர் புகாரைத் தங்கள் அலுவலகத்தில் சீந்த மாட்டார்கள் என்பதால் எழுத்தர்கள் நாங்கள் அனைவரும் இதைச் சேர்ப்போம். உப்புப் போடுவதுபோலப் போட்டுவிட்டேன்.

6. மாத்திரையை நான் வாங்கவே இல்லை. நான்காம் நாள் அந்தப் பிரிவின் செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். அவரை நோயாளிகள் அனைவரும் பெரியக்கா என்பார்கள். மருந்தகப் பதிவேட்டில் என் எண்ணைக் காணோம், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். விசாரித்ததால் போய் வாங்கினேன். முதல் இரண்டு மாதம் திட்டுத்திட்டாக உதிரம் பட்டது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சண்டைக்குப் போனவளிடம், இது வரும் என்று முதல் நாளே தான் எழுதிக்கொடுத்த வரியை மருத்துவர் காட்டினார். மனச்சோர்வு இருந்தால் மறைக்கக் கூடாது, மருந்தை மாற்றலாம் என்றும் சொன்னார். மூன்றாம் மாதம் வலி பாதியாகக் குறைந்தது. ஒருநாள் மாலை வெந்நீர்ப் பையை எடுக்காமலே மேசையை மூடிவிட்டு வந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். உட்கார்ந்து அழுதேன்.

7. ஸ்கேனில் குடலின் மேல் முடிச்சு தெரிந்தது. மாத்திரையோடு தொடரலாம், அல்லது அறுவை செய்யலாம் என்று மீண்டும் இரு பக்கமும் சொன்னார். மலம் கழிக்கும் வலி விடாததால் நான் அறுவையைத் தேர்ந்தெடுத்தேன். கர்ப்பப்பையை வைத்துக்கொள்வது என்றும் நானே முடிவு செய்தேன். ஜனவரி 22, புதன்கிழமை, நான்கு மணி நேரம் இருபது நிமிடம் அறுவை நடந்தது. குடல் அறுவை மருத்துவரும் உடன் இருந்தார். இவர்கள் இருவரும் சேர்ந்து நிற்க அந்த மருத்துவமனையில் புதன்கிழமை ஒன்றுதான் கிடைக்கும். அதையும் மேற்படி மருத்துவர் இரண்டு ஆண்டு அலைந்து வாங்கியதாகப் பெரியக்கா சொன்னார். குடலைத் துண்டிக்காமல் முடிச்சை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். நான் கண் விழித்தபோது மருத்துவர் என் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே என் கணவரிடம் படம் வரைந்தே எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். லிஃப்ட் கம்பியைப் பார்க்கிற ஆள், இந்த அம்மா கை சுத்தம் என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. பதில் ஏதும் வராததால் என் புகார் அலமாரியில் தூங்கிவிட்டது என்று நானும் அதை மறந்திருந்தேன்.

8. மார்ச் 11 அன்று பெரியக்கா என் மேசைக்கு வந்தார். மருத்துவரை இடமாற்றம் செய்துவிட்டார்கள், நிறுத்தக் கோரி நல்ல மனுவாக எழுதித் தரவேண்டும் என்று ஆணையின் நகலை வைத்தார். வழக்கம்போல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஆணையின் மூன்றாம் பத்தியில், ஒரு தனிப் புகார் என்றால் எச்சரிக்கையோடு விடலாம் என்றும், "பலரும் தெரிவிக்கின்றனர்" என்று இருப்பதால் பொதுநலன் கருதி இடமாற்றம் செய்வதாகவும் இருந்தது. புகார் தந்தவரின் பெயர் அதில் இல்லை. என் வாக்கியத்தை அடையாளம் காண எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. இன்னொன்றும் இருந்தது: புகாரின் முழு நகல், என் கையொப்பத்தோடு, ஜனவரி 8 அன்றே மருத்துவருக்கு விளக்கம் கேட்டு அனுப்பப்பட்டிருக்கிறது. அதாவது என் அறுவைக்குப் பதினான்கு நாள் முன்பு.

9. பெரியக்காவிடம் பிறகு வரச் சொல்லிவிட்டு ஆறாம் எண் அறைக்குப் போனேன். ஆயிரம் பேருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த எனக்கு அன்று இரண்டு வார்த்தை கூடிவரவில்லை. எழுதியது நான்தான் என்று மட்டும் சொன்னேன். மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே, "தெரியும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டிருந்தா நீங்க பயந்திருப்பீங்க. பயந்த உடம்பை மேசையில போடக் கூடாது" என்றார். பிறகு படுக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். அறுவைக்குப் பிறகும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேனா, மலம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். தன் இடமாற்றத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது ஐயா. அதைவிட, இப்படியும் ஒருவர் இருக்கிறாரே என்று மலைப்பாக இருந்தது.

10. அதற்கடுத்த இரண்டு நாள் மேசையைத் திறக்காமல் அந்த மரப்பெஞ்சிலும் மருந்தக வாசலிலும் போய் உட்கார்ந்தேன். நான் செப்டம்பரில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டேன். நாற்பத்தொரு பெண்கள் தெரிவித்ததை அவரவர் சொன்னபடி எழுதி, அவரவர் கையொப்பத்துடன் இணைத்துள்ளேன். ஒரு சொல்லும் நான் மெருகேற்றவில்லை. பேருந்து நடத்துநர் ஒருவர், வேறிடத்தில் இருபத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னதாகவும், இவர் வைத்த ஹார்மோன் சாதனத்தால் மூன்று ஆண்டாக விடுப்பின்றி வேலைக்குப் போவதாகவும் தெரிவிக்கிறார். சலவைக்கடைக்காரப் பெண் ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்; யோசிக்க மூன்று முறை நேரம் கொடுத்த பிறகே எடுத்தார் என்கிறார். குறை சொன்னவர்களும் உண்டு. ஏழு பேர் காத்திருப்பு அதிகம் என்கிறார்கள். ஒருவருக்கு ஊசியால் உடம்பெல்லாம் அனல் அடித்து, மாற்ற இரண்டு வாரம் ஆனது. அவற்றையும் விடாமல் எழுதியுள்ளேன். தங்கள் அலுவலகம் அந்த அறைக்கு இன்னொரு மருத்துவரைக் கொடுத்தால் முதல் குறை தீரும்.

11. ஆகவே தாங்கள்,
(அ) செப்டம்பர் 9 நாளிட்ட என் புகாரைத் திரும்பப் பெற அனுமதித்து, அதன் கடைசி வாக்கியம் பொய் என்பதைக் கோப்பில் பதியவும்,
(ஆ) பொய் எழுதியதற்கு என் மீது உரிய நடவடிக்கை எடுக்கவும் (எழுத்தர் உரிமத்தை நிறுத்தினாலும் ஆட்சேபம் இல்லை),
(இ) வரும் திங்கள், மார்ச் 17 முதல் நடைமுறைக்கு வரும் இடமாற்றத்தை அதற்கு முன்பே ரத்து செய்யவும்
வேண்டுகிறேன்.

12. அவசரத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 19, புதன்கிழமைக்கு ஒரு பள்ளி ஆசிரியைக்கு அறுவை குறிக்கப்பட்டுள்ளது. வயது இருபத்தேழு, இரு சூலகங்களிலும் கட்டி. குழந்தை வேண்டும் என்கிறார். கட்டியை எடுக்கும்போது சூலகத்தின் நல்ல பகுதியும் சேர்ந்து போனால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். காத்திருந்த ஆறு மாதமும் ஊசியில் ஓட்டினார். எலும்பு தேயும் என்பதால் அதற்கு மேல் ஊசி போட முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். இடமாற்றம் நடந்தால் அறுவை தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போகும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் போகும் ஊர் மருத்துவமனையில் இந்த அறுவைக்கான கருவியே இல்லை. புகார் கொடுத்தவள் நான்தான் என்று அந்த ஆசிரியையிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "புதன்கிழமை நடக்குமா, அதை மட்டும் சொல்லுங்கக்கா" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாங்கள் சொல்ல முடியும்.

இம்மனு தருவது மேற்படி மருத்துவருக்குத் தெரியாது. தங்கள் பதிலை நேரில் பெற்றுச்செல்ல, நாளை காலை அலுவலகம் திறக்கும் முன்பே தங்கள் அறை வாசலில் இருப்பேன்.

இணைப்பு: நாற்பத்தொரு வாக்குமூலங்கள்.

நாள்: மார்ச் 13, வியாழக்கிழமை
இடம்: பதிவு அலுவலக எதிர்வரிசை

தவறிழைத்த மனுதாரர்,
(கையொப்பம்)
வெளிநோயாளி எண் 4417