வடக்குச் சுவரோரப் பெட்டி

அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார்களாமே. பார்த்ததும் என்ன தோன்றியது என்று முதலில் எழுது, நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

வீட்டில் எல்லோருக்கும் விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது. ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து வீட்டுக்குள் அனுப்பும் நல்ல சாமான். ஆனால் வெளியே நிற்கும் அந்தப் பெட்டியை யாருக்கும் பிடிக்காது. சாம்பல் நிறத் தகரம், கம்பிவலைக்குள் பெரிய விசிறி. "இதை வச்சா பார்க்க வீடு மாதிரியா இருக்கும்? ஒர்க்‌ஷாப் மாதிரி இருக்கும்" என்று எத்தனை பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள்! அதனால்தான் விசிறியே தெரியாதபடி முன்னால் கரும்பழுப்பில் நெருக்கமாகச் சட்டங்கள் வைத்து, ஒரு ஸ்குரூகூடக் கண்ணில் படாமல் வரைந்தேன். நாலு வருஷ உழைப்பு.

எங்கள் கம்பெனியில் இந்தக் குளிர்காலம் முழுக்க இதை ஆறு வீடுகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று உன் வீடு. மாதம் ஒரு தாளை உன் கையால் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். அதோடு எனக்கும் நாலு வரி வை. பிப்ரவரியில் முடிவு. தேறினால் ஆயிரக்கணக்கில் செய்ய அச்சு வெட்டி ஊரெல்லாம் என் பெட்டியை நிறுத்துவார்கள். தேறாவிட்டால் பழையபடி கைப்பிடியும் குமிழும் வரைந்துகொண்டு ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

அத்தானின் நெஞ்சு எப்படி இருக்கிறது? அவர் கதகதப்பாக இருக்கட்டும் என்றுதான் உன் வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன்.

நகத்தைக் கடித்தபடி,
வாலு

நவம்பர் 30

என் செல்ல வாலுவுக்கு,

பெட்டி அழகோ அழகு. கண் பட்டுவிடும்போல் இருக்கிறது. தபால்காரர் அதைச் செருப்பு அலமாரி என்று நினைத்து மேலே பார்சலை வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு டீச்சர் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தாள். "உங்க தங்கச்சியா வரைஞ்சா? எங்களுக்கும் ஒண்ணு சொல்லி வைங்களேன்" என்றாள். "அவ சின்ன வயசுல சுவரையே விட்டு வச்சதில்ல" என்றேன். எனக்கு ஒரே பெருமை, ஒளிப்பானேன்.

அத்தானுக்கு மருத்துவர் சொன்னது ஒன்றேதான், நெஞ்சில் குளிர் படக் கூடாது. வீட்டுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல்தான் நடமாடுகிறார். தாளில் 'குறைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியா எழுதப்போற?" என்று கேட்டார். அவர் கிடக்கிறார்.

உன் குரல்தான் போனில் கம்மிப்போய் இருக்கிறது. வேலை வேலை என்று சோற்றை மறந்துவிடாதே. இரண்டு மாதமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது எனக்கு மனக்குறைதான். சொல்லிவிட்டேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

பெரிய கண்டம் தாண்டி வந்திருக்கிறேன். இரண்டு வீடுகளில் சட்டங்களுக்கு நடுவே பனி கட்டிக்கொண்டு, விசிறிக்குக் காற்றே போகாமல், வீடு சில்லிட்டுப் போகிறதாம். இரண்டும் உன் ஊரைப் போலவே ஈரக் குளிர் அடிக்கும் ஊர்கள். கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது நீ அனுப்பிய தாள்கள்தான். நவம்பர், டிசம்பர் இரண்டிலும் 'இல்லை'. அது மட்டுமா, உன் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அளக்கும் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தால், தினமும் காலை ஏழு மணிக்குச் சட்டங்கள் திடுதிப்பென்று சூடாகின்றன! உட்கார்ந்து யோசித்தேன். காலை வெயில்! கரும்பழுப்பு நிறம் வெயிலை வாங்கிப் பனியைத் தானே உருக்கிவிடுகிறது. மற்ற இரண்டும் நிழலில் நிற்கின்றன. உன் வீட்டுச் சுவரையும் வெயிலையும் படமாக வரைந்தே காட்டினேன். எங்கள் தலைவர், எதற்கும் 'சரி சரி' என்பதால் நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அன்றைக்கு மூன்று 'சரி' சொன்னார். வெயில் படும் பக்கம் வையுங்கள் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதுமாம். பிப்ரவரி 12 அன்று அச்சு வெட்டக் கொடுக்கிறார்கள்.

இருந்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. ஒரு வரி எழுதிப் போடு அக்கா. காலையில் வெயில் பெட்டிமேல் நன்றாக விழுகிறதுதானே?

பதிலுக்குத் தவிக்கும்
வாலு

பிப்ரவரி 5

வாலு,

ஒரு வாரமாக நான் வீட்டில் இல்லை. உன் கடிதத்தை நேற்றுத்தான் எடுத்துப் படித்தேன். அது வெயில் இல்லையடி. நான்தான்.

அந்தச் சுவர் வடக்கு பார்த்தது. குளிர்காலத்தில் வெயில் அங்கே தலைகாட்டவே காட்டாது. நவம்பர் பாதியிலேயே பனி கட்ட ஆரம்பித்துவிட்டது. வீடு சில்லிட்டு அத்தான் இருமத் தொடங்கியதும் ஒரு கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். விசிறி சுற்றியது. மறுநாளும் ஊற்றினேன். அப்புறம் பல் தேய்ப்பதுபோல் அதுவும் ஒரு காலை வேலையாகிவிட்டது. ஏழு மணிக்கு மூன்று கெட்டில், கையில் பாத்திரம் தேய்க்கும் பிரஷ். அத்தான், "உள்ளதை எழுதிடு, அவ சரி பண்ணிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உன் நாலு வருஷத்தை நான் எப்படி ஒரு வார்த்தையில் கவிழ்ப்பேன்? வெந்நீர்தானே, ஊற்றினால் போகிறது என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. என்னை எழுப்ப மனம் வராமல் அவரே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் இத்தனை நாள் ஊற்றிய தண்ணீரெல்லாம் அங்கே தரையில் உறைந்து கிடந்தது. வழுக்கி விழுந்தவர் அரை மணி நேரம் அந்தக் குளிரிலேயே கிடந்தார். டீச்சர் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். இடுப்பில் அடி. அதைவிட, குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நீ பதறுவாயே என்று போனில் 'சும்மா ஒரு செக்கப்' என்றேன்.

12ஆம் தேதிக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு ஒருத்தி கெட்டிலோடு நிற்பாள். என்னைத் திட்டு, வாய் வலிக்கத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். முதல்முறையாக அவர் 'சரி சரி' சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். "தாள்ல 'இல்லை'ன்னுதானே இருக்கு? எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்மா" என்றார். அக்கா, ஒரு நிமிஷம் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒரு முழு நிமிஷம். அதை நினைத்தால் என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு என் இடத்துக்கு வந்து, கெட்டில், பிரஷ், அத்தான் விழுந்தது எல்லாவற்றையும் எழுதி அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன். அச்சு வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பெட்டியை வரையும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. பிரியம் என்று சொல்லி என்னை ஒரு பொய்யின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டாயே! ஆனால் உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. உன் வீட்டுக்கு இருபது தடவையாவது வந்திருப்பேன். அந்தச் சுவர் எந்தத் திசை பார்த்தது என்று எனக்குத் தெரியாது. உன் பதிலுக்குக்கூடக் காத்திராமல் வெயிலை நானே வரைந்தேன். அழகாக வேறு வரைந்தேன்.

சனிக்கிழமை பழைய கம்பிவலை மூடியோடு ஆள் வருவார், நானும் கூட வருகிறேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் காற்று போகும்.

அத்தான் எப்படி இருக்கிறார்? போன் செய்தால் 'தேவலை, தேவலை' என்கிறாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் எழுதாதே. உள்ளதை எழுது.

வாலு

பிப்ரவரி 12

வாலு,

போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே 'தேவலை' என்றுவிடுகிறது. அதனால்தான் எழுதி, உன் ஊருக்கு ரயிலேறும் டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தேவலை இல்லை. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருக்கிறது. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். இன்று காலை மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். நேற்று கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, "வாலு என்னைப் பார்க்க வரலையா?" என்று கேட்டார். வேலையாக இருக்கிறாய் என்று அவரிடமும் ஒரு பொய் சொன்னேன். இவ்வளவு மோசம் என்று உனக்கு நான் சொல்லவே இல்லை என்பதை எப்படிச் சொல்வேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக இருக்க முடியவில்லை. சனிக்கிழமை வரை பார்க்காதே. டீச்சர் சாயங்கால ரயிலில் திரும்புகிறாள். அவளோடு ஏறிவிடு.

அக்கா