இரண்டு பக்கமும் லேமினேஷன்

12 பிப்ரவரி 2007, திங்கள்
ஊத்தங்கரை போர்வெல் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு பற்றி நான் எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவிலிருந்து மின்னஞ்சல். நான்கு நாடுகளின் நான்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பு ஒன்றை ஆரம்பித்திருக்கின்றனவாம். மூன்று மாதம் வந்து அவர்களோடு வேலை செய்ய அழைக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் மூன்று துறைகள் சேர்ந்து ஒரு கருத்தரங்கு நடத்த முடியவில்லை. இவர்கள் நான்கு நாடுகளாம்.

இவரிடம் சொன்னேன். "போய்ட்டு வா ராணி. சோறு நான் ஆக்கிக்கறன்."

இருபத்திரண்டு வருடத்தில் இவர் ஆக்கிய சோற்றை இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன்.

15 பிப்ரவரி
போக ஆசையாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

1 மார்ச்
முனைவர் பட்டச் சான்றிதழின் அசலில், பின்பக்கம், அரசு முத்திரை வேண்டுமாம். மாதக் கடைசிக்குள். பீரோவைத் திறந்தால் சான்றிதழ் பளபளவென்று லேமினேஷனில் இருக்கிறது. போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் இவர் போட்டது.

"அங்க எப்பவும் மழையாமே. நனஞ்சிடக் கூடாதுன்னுதான் ரெண்டு பக்கமும் போடச் சொன்னன்..."

பிரித்தால் தாளும் கூடவே கிழிந்து வரும். ஏன் என்னைக் கேட்கவில்லை? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

5 மார்ச்
சென்னை. இவரும் கூட வந்தார். முத்திரை போடும் அலுவலகத்தில் அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிளாஸ்டிக் மேல சீல் நிக்காதும்மா. டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க." அதற்கு ஆறு மாதம் ஆகும்.

 கிருஷ்ணகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவர் சொன்னார்: "எங்க கம்பெனியில பீஸ் ரிஜெக்ட் ஆனா அத செக் பண்ணி விட்ட இன்ஸ்பெக்டர் யாருன்னுதான் மொதல்ல பாப்பாங்க. இதுக்கு நான்தான்."

திட்ட வைத்திருந்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை.

9 மார்ச்
நடந்ததை அப்படியே நான்கு பேருக்கும் எழுதினேன். இரண்டு பல்கலைக்கழகங்கள் உடனே, விதி விதிதான் என்றன. மூன்றாவது, மற்றவர்களைக் கேட்கச் சொன்னது. இப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

20 மார்ச்
நான்கில் சின்னப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பதிவாளர் நேராக அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதுமாம். ஒருவர் ஏற்ற ஆவணத்தை மற்ற மூவரும் திரும்பக் கேட்பதில்லை - கூட்டமைப்பின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஒருவர் நம்பினால் எல்லோரும் நம்புவது. இப்படி ஒன்றில் நான் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? கோவில் திருமணப் பதிவேட்டில், ஒரே ஒரு முறை.

28 மார்ச்
பதிவாளர் கடிதம் போய்விட்டது. இவர் இன்று சோறு ஆக்கிப் பழகினார். குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

14 செப்டம்பர், வெள்ளி
ஐரோப்பா வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கும்போது நல்ல மழை. பை முழுக்கத் தண்ணீர். அழைப்புக் கடிதம், காப்பீட்டுத் தாள், என் குறிப்புகள் எல்லாம் ஹீட்டர் மேல் காய்கின்றன. சான்றிதழை மட்டும் துண்டால் துடைத்து மேசையில் வைத்தேன்.

போனில் இவரிடம் சொன்னேன். 

"ரெண்டு பக்கமும் போடச் சொன்னன்ல" என்றார்.