நீரில் பட்டுத் திரும்பிய ஒளி

அன்புள்ள பெர்ட்டலான்,

பாலட்டன் ஏரியின் மேற்குக் கரையோரம் விஷப்பாசி படர்கிறது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை வந்த செயற்கைக்கோள் படத்தில், நீரில் பட்டுத் திரும்பிய ஒளி பாசியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நம் மேயர் ஓடோன் நம்பவில்லை. "வானத்துல இருந்து பார்த்தா எங்க ஏரி அழுக்கா தெரியுதாக்கும்? சீசன்ல கரைய மூடினா லாங்கோஷ் ரொட்டி பொரிக்கிற கடைக்காரங்க என்னையே எண்ணெயில போட்டுப் பொரிச்சிடுவாங்க" என்றார்.

அதனால் நானே படகை எடுத்துக்கொண்டு போனேன். அளக்கும் நீரின் மேல் படகின் நிழல் விழக் கூடாது. ஒருவர் படகைத் திருப்பிப் பிடித்தால்தான் மற்றவர் ஒளியை அளக்க முடியும். துடுப்பை முழங்காலால் அழுத்திக்கொண்டு அளந்தேன். பலமுறை அளவு கெட்டு, கடைசியில் சரியாக வந்தது.

படம் சொன்னது உண்மைதான். நான் அள்ளிவந்த நீரைச் சோதித்த ஆய்வகமும் அதையே சொன்னது. ஓடோனே வந்து சிவப்புக் கொடியை நட்டார். "நல்லவேளை, புள்ளைங்க யாரும் இறங்கல. அது சரி, ஒத்தையில ஏன்மா போனீங்க?" என்று கேட்டார்.

ஆகஸ்டில் நம் மகளை நீந்த அழைத்துவருவதாக வியன்னாவிலிருந்து எழுதியிருந்தாய். இந்தக் கோடை முழுக்க யாரும் ஏரியில் இறங்க முடியாது. மூடச் சொன்னதே நான்தான்.

நீந்த முடியாவிட்டாலும் வாருங்கள்.

உன் மனைவி