மூன்றாம் முறை கேட்டது

விஸ்கான்சின், 1966 மே 30

என் கண்ணு லோர்னா, எப்படி இருக்கிறாய்? அலாஸ்காவில் இன்னும் கடல் உறைந்துதான் கிடக்கிறதா? இங்கே நான் நலம், உங்கம்மாவும் நலம், அவளுடைய இடுப்புவலி எங்கள் இருவரையும்விட நலம். சிவப்புப் பசு கிடேரி போட்டது, கன்றுக்கு மூன்று நாள் கழிச்சல், பாலைக் குறைத்து வெந்நீர் கலந்து தேற்றினேன். பட்டினி கிடந்த மாட்டைத் தேற்ற இந்த ஓரினை விட்டால் ஆளில்லை என்று நாலு பண்ணைக்காரர்கள் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்று போரில் செத்தவர்களை நினைக்கிற நாள், மேடையில் நான் பேச வேண்டுமாம். பழைய சிப்பாய்கள் சங்கத்துத் தலைவன் வெண்டல் வந்து, நாப்பத்தஞ்சுல ஜெர்மன்காரனோட கைதி முகாமைத் தொறந்து பட்டினிக்காரங்களுக்குச் சாப்பாடு போட்டியே, அதைச் சொல்லுப்பா என்றான். எனக்குப் பேச வராதுடா என்றேன். உனக்கா, நீ வாய மூடினா உன் மாடே பயந்துபோகும் என்றான்.

திறந்தது என்ன பெரிய திறப்பு, காவல்காரன்கள் முதல்நாளே ஓடிவிட்டான்கள், நாங்கள் கதவைத் தள்ளினோம், அவ்வளவுதான். சுவரோரம் லேசர் என்ற பெயருள்ள ஒரு கைதி, எலும்பின்மேல் கோடு போட்ட சட்டை. இறைச்சி டப்பாவைத் திறந்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டி வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நம் பக்கத்து மரியாதைதான் உனக்குத் தெரியுமே, முதல் இரண்டு வேண்டாம் கணக்கில்லை, மூன்றாம் தடவையும் கேட்காதவன் கஞ்சன். மூன்றாம் முறையும் கேட்டேன். வாங்கி முழுவதையும் தின்றுவிட்டு என் கையை முத்தமிட்டார். உங்கம்மா இருபது வருஷமாகச் சர்ச் விருந்துகளில் சொல்கிற கதை இதோடு முடிகிறது, நான் அவளுக்குச் சொன்னதும் இதுவரைதான். நீ நர்ஸ், உனக்கு மீதி இந்நேரம் புரிந்திருக்கும். பட்டினி கிடந்த உடம்பு அவ்வளவையும் ஏற்கவில்லை, சாயங்காலம் செத்துப்போனார். ராணுவ டாக்டர், ஊர்ல என்ன தொழில் என்று கேட்டார். மாடு வளர்க்கிறேங்க என்றேன். பட்டினி கிடந்த மாட்டுக்கு இப்படித்தான் வைப்பியா என்றார். மாட்டேங்க என்றேன்.

முத்தத்தோடு நிறுத்தினால் எல்லாரும் கைதட்டுவார்கள். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரு வாரமாக அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்கிறது, பால் கறக்கவே முடியவில்லை.

கம்பளிக் காலுறை போடு, மாதம் ஒரு கடிதமாவது அம்மாவுக்கு எழுது, ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். வாசலில் உங்கம்மா, வெண்டல் வண்டி வந்துருச்சு, இன்னும் டை கட்டலையா என்று கத்துகிறாள். மேடையில் ஊரோடு சேர்ந்து அவள் இதைக் கேட்கக் கூடாது, வண்டியில் போகும்போதே சொல்லிவிடுகிறேன், தெல்மா, அந்த மனுஷன் வேண்டாம்னு சொன்னது மரியாதைக்கு இல்ல, தின்னா வயிறு தாங்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சுதான்.